எந்த குரூப் எடுக்கலாம் சார்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் மேல்நிலைப் பள்ளிகளில் அதிகம் கேட்கும் கேள்வி இது. செங்கத்திலும் தண்டராம்பட்டிலும் ஜவ்வாதுமலைக் கிராமங்களிலும் பல பெற்றோர் இதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் வகுப்பாசிரியர்தான். "கணக்கு வராதா? அப்போ வேற குரூப் எடு" என்று அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். அந்த அரை நிமிடத்தில் மூடப்படும் கதவுகள் எவை என்று நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் 100 கணிதத்துக்கு உரியது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. கணிதத்துக்குப் பயந்து பியூர் சயின்ஸ் எடுத்த மாணவிக்கு இந்தச் சலுகை பொறியியலில் பயன்படாது. ஆரணியிலேயே அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருந்தும்தான். பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாலும் துணைப்பாடமாகக் கணிதம் வந்து நிற்கும். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சென்று, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் இருக்கிறது. அங்கும் முதல் ஆண்டிலேயே கணிதம் உண்டு.

வணிகவியல் பிரிவு என்றால் கணிதம் இல்லை என்ற எண்ணமும் சரியல்ல. வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடம் உள்ள பள்ளிகளில் அதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் அணிகள், தொகை நுண்கணிதம், நிகழ்தகவுப் பரவல்கள், செயல்முறை ஆராய்ச்சி வரை அது செல்கிறது. சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் சார்ந்தது. பி.ஏ. பொருளியல் படிப்பவருக்கும் இந்த அடித்தளம் கைகொடுக்கும்.

பிரிவைத் தேர்ந்த பிறகுதான் பெரிய வேலை. கல்லூரி முதலாண்டில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் நுண்கணிதத்தில். அதன் வேர் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றும் பதினொன்றின் இரண்டாம் தொகுதியில், ஆண்டின் பிற்பகுதியில் வருகின்றன. அவசரத்தில் சூத்திரமாகவே போய்விடும் ஆபத்து உண்டு. முன்பு பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே ஒதுக்கிவிட்டு நேரடியாகப் பன்னிரண்டுக்குப் போனதால்தான் 2017-18இல் அதற்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லது. இனி அந்த ஆண்டின் பாடத்தைக் காப்பது முழுக்க நம் கையில்.

எல்லை என்ற கருத்தை நம் ஊரை வைத்தே தொடங்கலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்தில் சுற்றினால் சராசரி வேகம் மணிக்கு 3.5 கிலோமீட்டர். "அடி அண்ணாமலை கோயிலைக் கடந்த அந்த நொடியில் உன் வேகம் என்ன?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு, ஒரு நிமிடத்துக்கு, ஒரு வினாடிக்கு என்று கால அளவைச் சுருக்கிச் சுருக்கிக் கணக்கிடும்போது வகைக்கெழு என்ன என்பது புரியத் தொடங்கும். சூத்திரம் மறுநாள் வரட்டும்.

இதற்கு முன்னால் சார்பு பற்றிய தெளிவு வேண்டும். அது பத்தாம் வகுப்பின் முதல் பாடம். ஆகவே ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களைப் பதினொன்றாம் வகுப்பில் சார்புகளுக்கும் அவற்றின் வரைபடங்களுக்கும் ஒதுக்கலாம். உள்ளீடு எது, வெளியீடு எது என்று மாணவர்களே சொந்த வாக்கியத்தில் எழுதட்டும்.