கொடிமலைக் காட்டில் ‘பிராக்டிகல்’: மாணவர்கள் அங்கே என்னதான் கற்கிறார்கள்?

பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டை நெருங்கும் பிள்ளை, “பிராக்டிகலுக்கு கொடிமலைக் காட்டுக்குப் போகிறேன்” என்று சொன்னால், தோட்டத்திலிருந்து வந்த பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான்: “பால்மரக் காட்டை விட்டு வெளியே வர நாங்க பட்ட பாடு போதாதா? இவ்வளவு படிச்சுட்டு நீ மறுபடியும் காட்டுக்கா?”

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தலைமுறை, தன் பிள்ளைகள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்றுதான் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தது. தொழிற்சாலை, வங்கி, மருத்துவமனை ஆய்வுக்கூடம் என்றால் பெற்றோருக்குப் புரிகிறது. மலைக்காட்டு இயற்கை மையத்தில் பல வாரப் பயிற்சி என்றால் அது உல்லாசப் பயணம் போலவோ, பழைய காட்டு வேலை போலவோ தோன்றுகிறது. இரண்டும் இல்லை என்பதை அங்கு நடக்கும் வேலையைப் பார்த்தால்தான் விளங்கும்.

பினாங்கு கொடிமலையை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மலாய் மொழியில் புக்கிட் பெண்டேரா. உயரம் 833 மீட்டர். கீழே ஜார்ஜ்டவுனைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ச்சி. 1788ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் லைட் ஸ்ட்ராபெரி பயிரிட இம்மலைக்குப் பாதை வெட்டினார். அதன் பிறகு நெடுங்காலம் வெள்ளைக்கார துரைகளைக் கூலிகள் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறினார்கள். மலை ரயில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது 1924 ஜனவரி 1ஆம் தேதி. உச்சியில் திருமுருகன் ஆலயமும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. ரயிலில் ஏறி, முருகனைக் கும்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுபவர்களே அதிகம். அந்தக் கூட்டத்தைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் காடு தொடங்கிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

அங்கேதான் ‘தி ஹெபிடாட்’ என்ற இயற்கை மையம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பழைய பாதையொன்றைச் சீராக்கி, 1.6 கிலோமீட்டர் நடைபாதையாக வைத்திருக்கிறார்கள். மரங்களின் உச்சியோடு உச்சியாக நடக்க 230 மீட்டர் நீளத் தொங்குபாலமும், சுற்றுமுற்றும் தீவு முழுவதையும் பார்க்க ‘கர்டிஸ் கிரெஸ்ட்’ என்ற உயர்ந்த வட்ட மேடையும் உண்டு. பெயருக்குரிய சார்லஸ் கர்டிஸ், 1884இல் தொடங்கிய பினாங்கு தாவரவியல் பூங்காவின் முதல் கண்காணிப்பாளர். 2021 செப்டம்பரில் இம்மலையும், பூங்காவும், தீவின் வடமேற்கு மூலையிலுள்ள தேசியப் பூங்காவும் சேர்ந்த 12,481 ஹெக்டர் பரப்பை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினி, சபாவின் குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்கு அடுத்து மலேசியாவுக்குக் கிடைத்த மூன்றாவது தகுதி அது.

இத்தகைய மையத்தில் பயிற்சிக்குச் சேரும் மாணவரின் நாள் காலையில் துடைப்பத்தோடு தொடங்கினாலும் ஆச்சரியமில்லை. இரவு மழையில் ஒடிந்து விழுந்த கிளை எங்கே, பாதையில் பாசி பிடித்து வழுக்கும் இடம் எது, கைப்பிடி ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் வருகையாளர்கள், பள்ளிக் குழுக்கள், நாற்றங்கால் வேலை, பதிவேடு. படித்த பிள்ளை இலை கூட்டுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். காட்டுப் பாதையில் ஒரே இடத்தைத் தினமும் குனிந்து பார்ப்பவர் கண்ணில்தான் நேற்று இல்லாத ஒன்று இன்று படும்.

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி பதிவேடுதான். எந்த மரம் பூத்தது, எது காய்த்தது, எந்தப் பறவை எத்தனை மணிக்கு எங்கே தென்பட்டது என்று நாள்தோறும் எழுத வேண்டும். எதுவும் தென்படாத நாளில் “இன்று இல்லை” என்றும் எழுத வேண்டும். பல மாணவர்களுக்கு முதலில் கசப்பது இதுதான். ஆனால் நம் மழைக்காட்டின் பெருமரங்கள் மாமரம் போல ஆண்டுதோறும் தவறாமல் பூப்பவை அல்ல. மெராந்தி, செராயா வகை மரங்கள் பல ஆண்டுகள் சும்மா நின்றுவிட்டு, திடீரென ஒரு பருவத்தில் கூட்டமாகப் பூக்கும். நூற்றுக்கணக்கான “இல்லை”கள் எழுதப்பட்டிருந்தால்தான் அந்த ஒரு “பூத்தது” எப்போது, ஏன் என்று கணக்கிட முடியும். கர்டிஸின் பெயரைத் தாங்கிய ‘ஷோரியா கர்டிசி’ மரமும் இந்த வகைதான். மலைமுகடுகளில் சாம்பல் பூத்தாற்போல் வெளிறித் தெரியும் தலைகள் பெரும்பாலும் அதனுடையவை. ஒருமுறை யாராவது காட்டிவிட்டால், அதன் பிறகு நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போதுகூட மலைமுகட்டில் அதை அடையாளம் காணலாம்.

உண்மையில் இது நம்மவர்களுக்குப் புதிய வித்தையும் அல்ல. பால்மரம் எந்த மாதம் இலை உதிர்க்கும், துளிர்க்கும்போது பால் எவ்வளவு குறையும், எந்த மழைக்கு வெட்டு நிற்கும் என்பதையெல்லாம் தோட்டத்துப் பெரியவர்கள் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரே வேறுபாடு, பால்மரக் காட்டில் வரிசை வரிசையாக ஒரே மரம். மலைக்காட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே இனமாக இருப்பதே அபூர்வம்.

பாதையில் காணக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி கண்ணில் படாமலே போகும் சங்கதிகள். பாதையோர மண்சரிவில் சின்ன வட்டமாக ஒரு மூடி. அதிலிருந்து நாலாபக்கமும் மெல்லிய பட்டிழைகள். உள்ளே லிஃபிஸ்டியஸ் என்ற கதவுச் சிலந்தி காத்திருக்கும். இழையில் பூச்சியின் கால் பட்டதும் மூடியைத் திறந்து பாய்ந்து இழுத்துக்கொள்ளும். அதன் வயிற்றின் மேல் கட்டுக்கட்டாக இருக்கும் தகடுகள் மற்ற சிலந்திகளில் எப்போதோ மறைந்துவிட்டன. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுப் பழைமையான குலம், டைனோசர்களுக்கும் முந்தியது. தினமும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் மலையில் அது தன்பாட்டுக்கு வாழ்கிறது.

பெரியோக் கெரா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் குடுவைச் செடியும் இங்கு உண்டு. அதில் ஒரு வகைக்குக் குடுவையின் வாய்க்குக் கீழே வெள்ளைப் பட்டை இருக்கும். அந்தப் பட்டையிலுள்ள நுண்மயிர்களைத் தின்னக் கறையான்கள் இரவில் படை திரண்டு வந்து, தின்றபடியே கூட்டமாகக் குடுவைக்குள் விழுந்துவிடும். அடிமரத்தில் பாசித் திட்டு போல ஒட்டிக்கிடப்பது சில நேரம் பாசியல்ல, கூபோங். உடல் முழுவதும் போர்வை போல் தோல் விரிய, மரத்துக்கு மரம் நூறு மீட்டர் வரை மிதந்து செல்லும் பிராணி. பறக்கும் லெமூர் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அது பறப்பதுமில்லை, லெமூரும் இல்லை. இருட்டும் நேரத்தில் பெரிய சிள்வண்டு ஒன்று எக்காளம் போல் கத்தத் தொடங்கும். வேலை முடிந்து இறங்க அதுவே மணி.

வருகையாளர்கள் அதிகம் தேடுவது லோத்தோங் குரங்கை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், சாம்பல் நிற உடல், குட்டி மட்டும் பொன்னிறம். அது இலை தின்னும் குரங்கு. பல அறைகள் கொண்ட அதன் வயிறு இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கிறது. ரொட்டியும் இனிப்பும் அந்த வயிற்றுக்குக் கேடு. இதைக் கோபப்படாமல், நாளுக்கு நாற்பது முறை, நாற்பது விதமான ஆட்களுக்குச் சொல்வதுதான் பயிற்சி மாணவரின் கடினமான வேலை. குழந்தை கையில் வாழைப்பழத்தோடு நிற்கும் தகப்பனிடம் “போடாதீர்கள்” என்றால் முகம் மாறும். “அண்ணே, அதுக்கு வயித்துவலி வரும்” என்று தமிழில் சொன்னால் பழம் பைக்குள் போய்விடும். தமிழகத்திலிருந்து வரும் பயணிகளும், உள்ளூர்த் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் ஏறும் மலையில், தமிழில் காட்டை விளக்கத் தெரிந்தவர் ஓர் அரிய சரக்கு. மலாயும் ஆங்கிலமும் கூடவே தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது கையிலிருக்கும் சாதகம்.

லோத்தோங் மலையோடு நிற்பதில்லை. சாலையைக் கடக்கும்போது அடிபட்டும் சாகிறது. தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களைத் திரித்து, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டியது ‘லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு’ என்ற குழு. குரங்குகள் எந்த இடத்தில் கடக்கின்றன என்று நாள்கணக்கில் உட்கார்ந்து குறித்த பிறகே அந்த இடம் தேர்வானது. பதிவேட்டின் மதிப்பு அங்கே தெரியும்.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2017 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு, வெளிநாட்டு அறிவியலாளர்கள் கொடிமலையில் கூடி, மண்ணிலிருந்து மர உச்சி வரை உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டித் தீர்த்த புயல் மழையில் பினாங்கு வெள்ளக்காடானது. மலையில் பல இடங்களில் மண் சரிந்து பாதைகள் உடைந்தன. சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பது வேர். மழையைத் தாங்கி மெதுவாக ஓடைக்கு விடுவது காடு. தைப்பூசத்துக்கு நம்மவர்கள் திரளும் தண்ணீர்மலைக்கு அப்பெயர் தந்த அருவி இம்மலையின் நீர்தான். ஆயர் ஈத்தாம் அணைக்கும் இதே சரிவுகளிலிருந்து நீர் இறங்குகிறது. இப்போது கேபிள் கார் திட்டத்தை ஒட்டி, மலை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் வாதிடுகிறார்கள். முன்பு என்ன இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான் இனி என்ன குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியும்.

ஓய்வு நாளில் மற்றப் பாதைகளையும் நடந்து பார்ப்பது மாணவர்களுக்கு நல்லது. தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து ஏறும் ஜீப் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தார் போட்டது, வழி தவறாது, ஆனால் முழங்காலைப் பதம் பார்க்கும். பூங்காவுக்குச் சற்று முன்னால் இருக்கும் ‘நிலா வாசல்’ வழியே ஏறுவது மண்ணும் வேருமான பாதை. காட்டை நிழலோடு காட்டும். மேலே மோனியோ பாதை, பழைய நில அளவையாளர் ஒருவரின் பெயரில், பெரிய ஏற்றமில்லாமல் சரிவை ஒட்டியே போகும். அவசரமில்லாமல் பார்க்க அதுவே சிறந்தது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம் என்பதால் அந்த மாதங்களில் மதியத்துக்குப் பிறகு மண் பாதைகளில் ஏறாமல் இருப்பது புத்திசாலித்தனம். தனியாகப் போவதும் வேண்டாம்.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். இயற்கை மையங்களில் பயிற்சிப் படி பொதுவாகப் பெரிதாக இருப்பதில்லை. சில இடங்களில் படியே இல்லை. பினாங்குக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு அறை வாடகையும் போக்குவரத்தும் குடும்பத்தின் மேல் விழும். சேருமுன் படி எவ்வளவு, மலை ரயில் கட்டணம் யார் பொறுப்பு, வார இறுதியில் வேலை உண்டா, விபத்துக் காப்புறுதி யாருடையது என்று நேரடியாகக் கேட்டு, கடிதத்தில் வாங்கிவிட வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல. படிப்புக்குப் பின் இந்தத் துறையில் வேலை குவிந்து கிடக்கிறது என்று ஆசை காட்டுவதும் சரியல்ல. வனத்துறை, வனவிலங்குத் துறை, ஆய்வு நிலையங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், சுற்றுலா என வாய்ப்புகள் சிதறிக் கிடக்கின்றன. சுற்றுலா அமைச்சின் இயற்கை வழிகாட்டி உரிமம், அதாவது பச்சை அட்டை, பயிற்சி முடித்துப் பெறலாம். நீலம் நகர வழிகாட்டிகளுக்குரியது.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தங்கள் கல்விப்புலத்தின் தொழிற்பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு பருவத்துக்கு முன்பே பேச வேண்டும். பயிற்சித் தேதிகள், எத்தனை வாரம், எந்த வேலையில் ஆர்வம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். உயிரியல் மாணவர்கள் மட்டும்தான் என்றில்லை. சுற்றுலா, தொடர்பியல், கல்வி படிப்பவர்களுக்கும் இம்மையங்களில் செய்ய வேலை இருக்கிறது. இன்னும் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு, 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைச் சங்கத்தின் பினாங்குக் கிளை நடைகளும், பள்ளிகளில் அதன் இயற்கை நேசிப்புக் கழகங்களும் நல்ல தொடக்கம். கைப்பேசியில் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியை இலவசமாக இறக்கி, வீட்டுப் பின்புறத்துச் செடியிலிருந்தே பதிவு செய்யப் பழகலாம்.

முதல் நாளுக்குத் தேவையானவை: பிடிப்புள்ள காலணி, நீளக் காலுறை, மழையங்கி, தண்ணீர், நனையாத உறையில் ஒரு குறிப்பேடு, பென்சில். பேனா மை மழையில் கரைந்துவிடும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பறிக்கும்; எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு மூடிவிட வேண்டும். அட்டை கடித்தால் பதற வேண்டாம். பிய்த்து இழுக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கமாகச் சுரண்டி எடுத்து, கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். இரத்தம் சற்று நேரம் வழியும், பிறகு நின்றுவிடும். ஈரக் காட்டுக்கு உப்பும் புகையிலையும் கட்டிக்கொண்டு போன தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், மலைக்குப் போகுமுன் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.