பனியிலும் காய்க்கும் பட்டர்நட் பரங்கி!

எங்கள் ஊர் உத்தனப்பள்ளி, ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் எலும்பைக் குத்தும். அப்போது பரங்கி விதையை நேரே மண்ணில் ஊன்றினால் முளைக்காமல் அழுகிவிடும். நான் செய்வதைச் சொல்கிறேன், சகோதரிகளே.

மார்கழிக் கடைசியில் விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, அடுப்பு மேடை ஓரம் கதகதப்பாக வைப்பேன். முளை விட்டதும், அடியில் ஓட்டை போட்ட காலி பால் கவரில் மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி ஊன்றி, வெயில் படும் ஜன்னலில் வைக்கணும். இரண்டு, மூன்று இலை வந்து, பனியும் குறைந்த பிறகு, வேர் கலையாமல் கவரைக் கிழித்துக் குழியில் நடலாம். குழிக்குக் குழி 6 அடி இடைவெளி வேணும். இலையைத் தின்னும் சிவப்பு வண்டுக்குக் காலை ஈரத்திலேயே சாம்பல் தூவுவேன்.

பட்டர்நட் வைக்கப் போகிறேன் என்றதும் என் மாமியாருக்குப் பயம். பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த நாட்டுப் பரங்கி விதையை முப்பது வருஷமாகக் காப்பாற்றி வருகிறார். "சீமைக்காயைப் பக்கத்துல வெச்சா என் விதை கெட்டுடும்மா" என்றார். அவர் சொன்னது நிஜம்தான். பட்டர்நட், 1940-களில் அமெரிக்காவில் உருவான ரகம். நம் பரங்கியின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டமே. ஒரே இனம் என்பதால் மகரந்தம் கலந்துவிடும். இந்த வருஷக் காயில் எதுவும் தெரியாது. அதன் விதையை அடுத்த வருஷம் போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

இதற்கு வழி நம் கையிலேயே இருக்கு. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. உதிர்ந்தால் கவலை வேண்டாம். அடியில் பிஞ்சோடு வருவது பெண் பூ. மறுநாள் மலரப் போகும் நாட்டுப் பரங்கியின் ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டையும் சாயங்காலமே நூலால் கட்டிவிடணும். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி கட்டணும். காம்பில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல். பனி மூடிய காலைகளில் தேனீ வரத்தும் குறைவு என்பதால், பட்டர்நட் பூவுக்கும் இப்படித் தடவிவிட்டால் பிஞ்சு வெம்பி விழாது.

பட்டர்நட் தோல் வெளிர் பழுப்பாகி, நகம் இறங்காத அளவு கெட்டியானதும் காம்போடு அறுத்து வைத்தால் இரண்டு, மூன்று மாதம் கெடாது. கூட்டு, சாம்பார், அல்வா எல்லாவற்றுக்கும் ஏற்றது. சிவப்பு நூல் கட்டிய நாட்டுக்காய் மட்டும் மாமியாரின் விதைக்கு!

பாக்கெட் விதை கடையில் கிடைத்துவிடும். பரம்பரை விதை ஒரு தடவை கலந்து போனால் போனதுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு பிடி விதை கேட்டு வாங்கி வையுங்களேன்!

- ஒரு வாசகி, உத்தனப்பள்ளி.