வில் நிமிர வண்டி நிமிரும்

மோட்டார் வண்டி சில்லிலே ஓடுகிறது என்பர். உண்மையில் அதன் உடல் வில்லினாலே தாங்கப்பெற்று ஓடுகிறது. வில் தளர்ந்தால் வண்டியின் பின்புறம் தாழும். இவ்வுண்மையை வன்னிப் பெருநிலத்தார் ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர், பட்டு அறிந்தவர்.

1990ஆம் ஆண்டிற்குப் பின் வடபகுதிக்கு எரிபொருளும் உதிரிப் பாகங்களும் வருவது தடைப்பட்டது. அக்காலத்திற் கைகொடுத்தவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய ஆங்கில வண்டிகளே. சிறிது பெற்றோலை ஊட்டி இயந்திரத்தைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர். நோயாளரும் நெல்மூடையும் அவற்றிலேயே சென்றன. வீதிகளோ குழியும் மேடுமாய்க் கிடந்தன. பாரமும் குழியும் கூடிப் பின்வில்லைத் தளர்த்தின.

1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் பின்புறத்தில் இருப்பது பட்டை வில். ஒரே தடித்த பட்டையை வைத்தால் என்ன என்று கேட்கலாம். பட்டையின் தடிப்பு இரு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆயின் வளைந்து கொடுக்க மாட்டாது முறியும். ஆதலின் மெல்லிய பட்டைகள் பலவற்றை அடுக்குகின்றனர். அடுக்கு பாரத்தைத் தாங்கும். மென்மை குலுக்கத்தை விழுங்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1930களிலிருந்தே இளைஞர்கள் பழைய போட் வண்டிகளை வேகத்திற்காக மாற்றியமைத்தனர். பின்னாளில் அவை ‘ஹொட் ரொட்’ எனப் பெயர்பெற்றன. அவர்கள் வண்டியைத் தாழ்த்தினர், வன்னியார் உயர்த்தினர். நோக்கம் வேறு, நுட்பம் ஒன்றே.

முதலில் அளவு காணல் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ரயர்களிற் காற்றைச் சமப்படுத்தி, சில்லின் நடுவிலிருந்து மேல்விளிம்பு வரையுள்ள உயரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருப்பின் அங்கே பட்டை முறிந்திருத்தல் கூடும்.

உயர்த்தும் வழிகள் மூன்று. தளர்ந்த பட்டைகளைக் கழற்றி, கொல்லரிடம் கொடுத்து மீண்டும் வளைத்தல் ஒன்று. அவற்றைக் குளிர்நிலையிலேயே தட்டி வளைத்தல் நன்று; வெறுமனே நெருப்பிலிட்டால் உருக்கின் பதம் கெட்டுவிடும். மேலும் ஒரு பட்டையைச் சேர்த்தல் இரண்டாவது. வில்லின் பின்முனையைத் தொங்கவிடும் இணைப்புத் தகட்டை நீட்டுதல் மூன்றாவது. அதனை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறத்தாழ ஓர் அங்குலமே உயரும். வில்லுக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைப்பாருமுளர். வில் அச்சின் மேலிருக்கும் லொறியை அக்கட்டை உயர்த்தும். வில் அச்சின் கீழிருக்கும் மொறிஸ் மைனரையோ தாழ்த்திவிடும்.

எதுவும் அளவோடு அமைதல் வேண்டும். பட்டை மிகுந்தால், பாரமற்ற வேளையில் வண்டி துள்ளும்; பின்சில்லு நிலத்தைப் பற்றாது; பிரேக் பிடிக்கையில் வழுக்கும். உயர்த்திய பின்னர் பிரேக் குழாய் இழுபடுகின்றதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. றப்பர் புஷ்களின் ஆணிகளை, வண்டியின் பாரம் சில்லில் இறங்கிய பின்னரே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகிக் கிழியும். சில நாள் ஓடியபின் வில்லைப் பிணைக்கும் ஆணிகளை மறுபடியும் இறுக்குதல் வேண்டும்.

இவை யாவற்றினும் மேலானது ஒன்று. ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ்ப் புகுதல் ஆகாது. சீமெந்துக் கல்லும் சடுதியில் நொறுங்கும். உறுதியான மரக்குற்றிகளையோ இரும்புத் தாங்கிகளையோ உடற்சட்டத்தின் கீழ் வைத்து, முன்சில்லுகளுக்கு அடைகொடுத்த பின்னரே கை வைக்க வேண்டும். தாழ்ந்த வண்டியை நாளையும் உயர்த்தலாம்; அதன் கீழ் நசுங்கிய உயிரை மீட்க எந்தக் கராஜிலும் கருவியில்லை.