பாயும் படைக்கு எத்தனை அங்குலம்?

ஆறடிக்கு நாலடி மேசை. அதன்மேல் அட்டைக் குன்றுகள், பொம்மை மரங்கள், விரலளவு உயரத்தில் வண்ணம் பூசிய வீரர்கள். ஆட்டக்காரர் தன் குதிரைப்படையைக் காட்டி, "சார்ஜ்" என்கிறார். சொன்னது சொன்னதுதான், வாபஸ் கிடையாது. அதற்குப் பிறகுதான் டேப்பை விரிக்கலாம். தூரம் எட்டினால் ஈட்டி முதலில் பாயும். கால் அங்குலம் குறைந்தாலும் படை பாதி வழியில் நின்று, எதிரியின் அடுத்த முறைக்குப் பலியாடாகக் காத்திருக்கும்.

பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் தொடங்கிய 'வார்ஹாமர்' விளையாட்டில், 2000-களின் பதிப்புகள் வரை இதுதான் நிலைமை. மினியேச்சர் போர் விளையாட்டுகளில் சுடுவதையும் வெட்டுவதையும் பெரும்பாலும் பகடை பார்த்துக்கொள்ளும். ஆட்டக்காரரின் மூளைக்கு வேலை, படையை நகர்த்துவதில்தான். அதிலும் எதிரியை நோக்கிப் பாயும் அந்தக் கடைசி நகர்வில்.

சதுரங்கத்தில் இந்தக் கவலை இல்லை. குதிரை எங்கே போகும் என்பது கட்டத்தைப் பார்த்தாலே தெரியும். 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் சதுரங்கத்தைப் போர்ப் பயிற்சியாக விரித்தபோதும் கட்டங்களை விடவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சதுரங்களாகப் பெருக்கினார், அவ்வளவுதான். கட்டத்தைத் துடைத்துப்போட்டவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்து அப்பாவும் மகனும். மகன் 1824-இல் வெளியிட்ட விதிகளில் களமே நில வரைபடம். ஒரு முறை என்பது இரண்டு நிமிடப் போர். அந்த நேரத்துக்குள் படை எவ்வளவு நடக்குமோ அவ்வளவுதான் நகரும். நகர்த்துவதும் ஆட்டக்காரர் அல்ல, நடுவர். ஆட்டக்காரர் எழுதிக் கொடுத்த உத்தரவைப் படித்து அவர் நகர்த்துவார். உண்மையான தளபதிக்குத் தெரியாதது ஆட்டக்காரருக்கும் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு.

நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' அந்தக் கண்டிப்பையெல்லாம் தளர்த்தியது. காலாள் ஓரடி, குதிரை இரண்டடி. அளக்க ஒரு கயிறு. யாரும் உடனே ஆடலாம். ஆனால் எதிரியிடம் போய்ச் சேர்வோமா என்ற சந்தேகம், அந்தக் கயிற்றோடு கிட்டத்தட்டக் காணாமல் போனது.

அந்தச் சந்தேகத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதில்தான் பின்னால் வந்த விதிகள் அடித்துக்கொள்கின்றன. பழைய வார்ஹாமரின் விடை: கண்ணால் மதிப்பிடு. மனிதக் காலாளுக்கு நகர்வு 4 அங்குலம், பாய்ந்தால் இரட்டிப்பாக 8. குள்ளர்களுக்கு 3, பாய்ந்தால் 6. எல்ஃப்களுக்கு 5, பாய்ந்தால் 10. பாய்ந்தவர் முதலில் வெட்டுவார் என்பதால், குள்ளரின் வாழ்க்கை பெரும்பாலும் அடிவாங்கிவிட்டுத் திருப்பி அடிப்பதாகவே போகும். எதிரிக்கும் வழி உண்டு: நின்று தாங்கலாம், அம்பு விடலாம், ஓடலாம். இந்த ஓட்டம் தனிக் கலை. ஒரு சிறு குதிரைக்குழுவைத் தூண்டிலாக நிறுத்தி, எதிரி பாய்ந்ததும் ஓடவிட்டு, வெறுங்கையோடு நடுவெளியில் நிற்பவனின் விலாவில் அடிப்பார்கள். 1066-இல் ஹேஸ்டிங்ஸில் நார்மன் குதிரைப்படை இதே வித்தையைக் காட்டியதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கண் மதிப்பீடு கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எத்தனை அங்குலம் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, சும்மா ஓய்வெடுப்பதுபோல் மேசையில் கையை நீட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தச்சருக்கு ஆதாயம், புதியவருக்கு நஷ்டம். சரி, தாராளமாக அளந்துகொள்ளட்டும் என்று விட்டால் வேறு கூத்து. பாயும் தூரம் 8 என்று இருவருக்கும் தெரியும். இருவரும் எட்டேகாலில் நின்றுவிடுவார்கள். கபடியில் கோட்டோரம் காலை நீட்டி நீட்டி இழுப்பதுபோல் இரண்டு சேனைகள் அரை மணி நேரம் ஒன்றையொன்று உரசாமல் ஆடும். எந்தப் போர்க்களத்தில் இப்படி நூல் பிடித்து நின்றிருக்கிறார்கள்?

2010-இல் வந்த வார்ஹாமரின் எட்டாம் பதிப்பு டேப்பை அவிழ்த்துவிட்டு, பகடையை உள்ளே இழுத்தது. நகர்வோடு இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை. மனிதக் காலாள் 6 அங்குலத்தில் தடுக்கி விழலாம், 16 அங்குலம் பறக்கலாம். பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். திறமைக்கு என்ன மதிப்பு என்றார்கள். எனக்கு அந்தக் கோபம் பாதிதான் நியாயமாகப் படுகிறது. சேறு, புகை, மிரண்ட குதிரை, கேட்காத எக்காளம் இத்தனையும் ஓர் அங்குலக் கணக்கில் அடங்காது; பகடை அவற்றுக்காகப் பேசுகிறது. ஆனால் பத்து அங்குல வீச்சு அதிகம். அது தயக்கத்தைத் தரவில்லை, லாட்டரிச் சீட்டைத் தந்தது.

விண்வெளிக் கதையான 'வார்ஹாமர் 40,000' இன்னும் துணிச்சல். 2017 பதிப்பில் வானிலிருந்து இறங்கும் படை எதிரியிடமிருந்து 9 அங்குலத்துக்கு அப்பால் இறங்க வேண்டும். அதே முறையில் பாய்ந்து சேர இரண்டு பகடையில் 9 அல்லது மேல் விழ வேண்டும். 36 வாய்ப்புகளில் 10. நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். எதிராளி முன்னால் ஒரு மெல்லிய காவல் வரிசையை நிறுத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

2024-இல் வந்த 'வார்ஹாமர்: தி ஓல்டு வேர்ல்டு' நடுவில் நிற்கிறது. இரண்டு பகடை உருட்டி, பெரியதை மட்டும் நகர்வோடு கூட்டுகிறார்கள். மனிதக் காலாளுக்கு உச்சம் 10. இரண்டில் பெரியதென்பதால் 5 அல்லது 6 விழ பாதிக்கு மேல் வாய்ப்பு. எட்டு அங்குலத்தில் நிற்கும் எதிரியை நோக்கிப் பாய்ந்தால் நாலு முறையில் மூன்று முறை போய்ச் சேரலாம். பாயத் தோன்றும், ஆனாலும் கை கொஞ்சம் தயங்கும்.