மூச்சை மறக்கும் மழலைகள்

உறங்கும் பச்சிளங் குழந்தையின் மூச்சு கடிகாரம் போல் சீராக ஓடுவதில்லை. சற்று நேரம் வேகமாக மூச்சு விடும், பின் ஐந்து அல்லது பத்து விநாடி சும்மா இருக்கும், மறுபடி தொடங்கும். நிறம் மாறாதிருந்தால் இதனால் கேடில்லை.

ஆனால், மூச்சு 20 விநாடி நின்றாலோ, அதற்குள்ளாகவே உதடு நீலம் பாய்ந்தாலோ, இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 100-க்குக் கீழே இறங்கினாலோ அது ஆபத்து. இதனை மருத்துவர் ‘ஏப்னியா’ என்பர்.

காரணம் என்ன? மூச்சை ஆளும் மையம் மூளையின் அடியில் முகுளத்தில் உள்ளது. இரத்தத்தில் கரியமில வாயு கூடியதும் அது நம்மை வேகமாக மூச்சு விடச் செய்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அம்மையம் முதிர்ந்திருப்பதில்லை. சில வேளை மையம் கட்டளையிட்டும், கழுத்து மடிந்து மூச்சுக்குழல் அடைபடும். 28 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் இது வரும். வளர வளரத் தானே மறையும்.

என் அக்காளின் மகன் 30 வாரத்தில் பிறந்தவன். கருவியின் மணி ஒலிக்கும் போதெல்லாம் செவிலியர் அவன் உள்ளங்காலை மெல்லத் தேய்ப்பார். கழுத்தை மடங்காமலும் அதிகம் நிமிராமலும் வைப்பார். பெரும்பாலும் அவ்வளவே போதும், மூச்சு திரும்பிவிடும்! திரும்பாவிட்டால் முகமூடி வைத்துப் பையை அழுத்திக் காற்றூட்டுவர். எங்கள் பாட்டி, “பிள்ளையைத் தூக்கிக் குலுக்குங்கள்” என்றார். குலுக்கவே கூடாது, மூளையில் இரத்தம் கசியக்கூடும்.

இதற்குரிய மருந்து எது தெரியுமா? காப்பியில் உள்ள காபீன்தான்! மூச்சு மையத்தை அடக்கும் அடினோசின் என்னும் பொருளின் வேலையை அது தடுக்கிறது. எடை குறைந்த சுமார் 2,000 குழந்தைகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு, காபீன் நுரையீரல் நோயையும் குறைப்பதை 2006-இல் காட்டியது. அதற்காக வீட்டுக் காப்பியைப் புகட்டிவிடலாகாது. அளவை மருத்துவரே அறிவார்.

நிறைமாதக் குழந்தைக்கு இவ்வாறு மூச்சு நின்றால் அது இயல்பன்று. கிருமித் தொற்று, சர்க்கரைக் குறைவு, வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று பின்னே இருக்கலாம். மூச்சு திரும்பினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

நண்பர்களே! கண்ணேறு என்று கழிப்புக் கழிப்பதில் காலம் கடத்தாதீர். விநாடியை எண்ணுங்கள், உதட்டின் நிறத்தைப் பாருங்கள். இவ்விரண்டையும் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லி வைப்பது படித்த நம் கடமை.