பாலாற்றுக்காக வந்த 'வேலூர் தீர்ப்பு'... யார் இந்த நீதிபதி குல்தீப் சிங்?

சென்னை - பெங்களூரு ஹைவேயில் போகிறவர்களுக்குப் பள்ளிகொண்டா என்றால் டோல்கேட். பக்தர்களுக்கு உத்திர ரங்கநாதர் கோயில். ஆனால், சட்டம் படிக்கிறவர்களிடம் கேட்டால், இந்த ஊர் வழியாக ஓடும் பாலாற்றைப் பற்றி வேறொரு விஷயம் சொல்வார்கள். அதுதான் 'வேலூர் தீர்ப்பு'.

இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் திருப்புமுனைகளில் ஒன்று அது. எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். பஞ்சாப் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். வக்கீலாக இருந்து 1988-ல் நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். 'பசுமை நீதிபதி' என்று பெயரெடுத்த அவர், 2024 நவம்பரில் 92 வயதில் காலமானார்.

வழக்கு என்ன?

டேனரி கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் பாலாற்றிலும் விளைநிலங்களிலும் கலக்கிறது என்று 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் நேரடியாக உச்ச நீதிமன்றம் போனது.

கோர்ட் பதிவுசெய்த விவரங்கள் அதிர வைப்பவை. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். குரோம் முறையில் மட்டும் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன. டேனரி பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது.

தீர்ப்பு சொன்னது என்ன?

1996 ஆகஸ்ட் 28-ல் குல்தீப் சிங் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதை கோர்ட் ஒப்புக்கொண்டது. அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது.

• மாசுபடுத்தியவரே இழப்பீடும் தரணும், நிலத்தையும் நீரையும் சரிசெய்யும் செலவையும் ஏற்கணும்.

• ஆபத்து இருக்கும் இடத்தில், அறிவியல் ஆதாரம் முழுசாக வரும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே தடுக்கணும்.

இந்த இரண்டு கொள்கைகளும் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்பு அறிவித்தது. மாசுபடுத்திய டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. இழப்பீட்டைக் கணக்கிட தனி ஆணையம் அமைக்கவும், சென்னை உயர் நீதிமன்றம் 'பசுமை அமர்வு' மூலம் கண்காணிக்கவும் வழி செய்யப்பட்டது.

வழக்குக்கு உழைத்த வக்கீல் எம்.சி.மேத்தாவுக்குத் தமிழக அரசு 50,000 ரூபாய் தரவும் உத்தரவானது. அதே ஆண்டு அமெரிக்காவின் கோல்ட்மேன் விருதும், 1997-ல் ராமன் மகசேசே விருதும் அவருக்குக் கிடைத்தன.

அமெரிக்கா எங்கே வருகிறது?

ஆறு, கடற்கரை, காடு எல்லாம் மக்கள் சொத்து. அரசு வெறும் காவலாளிதான் என்பது பழைய ரோமானியக் கருத்து. இதை நவீன சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான ஆயுதமாக மாற்றியவர் அமெரிக்க சட்டப் பேராசிரியர் ஜோசப் சாக்ஸ். 1996 டிசம்பரில் பியாஸ் ஆற்றங்கரை ஓட்டல் வழக்கில் அவருடைய கட்டுரையைக் காட்டி, அந்தக் கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர் இதே குல்தீப் சிங்தான். அதே மாதக் கடைசியில் அவர் ஓய்வுபெற்றார்.

ஓட்டுப் போடுறவங்களுக்கும் தெரிஞ்ச பேர்!

தொகுதி மறுவரையறை ஆணையத்தின் தலைவராகவும் பின்னாளில் இருந்தார். நாம் இப்போது ஓட்டுப் போடும் தொகுதிகளின் எல்லைகளை 2008-ல் முடிவு செய்தது அந்த ஆணையம்தான். பேரணாம்பட்டு தொகுதி மறைந்து, ஆம்பூர் தொகுதி வந்ததும் அப்போதுதான்.

அப்போ, பாலாறு சுத்தமாகிடுச்சா?

இல்லை. இழப்பீட்டு ஆணையம் 2001-ல், வேலூர் பகுதியில் 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் தரணும் என்று கணக்கிட்டது. அதுவும் 1998 டிசம்பர் வரையிலான பாதிப்புக்கு மட்டும்தான்.

அந்தப் பிரச்சினை மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மீண்டும் தலையிட்டது. பாக்கியுள்ள இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கணும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 வருஷம் ஓடிவிட்டது.

இன்றைக்கு நமக்கு என்ன பயன்?

வேலூர் தீர்ப்பின் இரண்டு கொள்கைகளும் 2010-ம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-வது பிரிவில் எழுதப்பட்டுள்ளன. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனாலோ, நிலம் வீணானாலோ பாதிக்கப்பட்டவரே தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். பாதிப்பு தொடங்கி 5 ஆண்டுகளுக்குள் மனு போடணும். தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. 1991-ல் போன மாதிரி டெல்லி வரை போக வேண்டியதில்லை.