அவசரம் யாருடையது?

குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இரண்டு வகை அவசரம் தெரியும். நடுநிசியில் குழந்தைக்கு ஜுரம் கொதிக்கிறது. பெரியவர்களைக் கூட்டி யோசனை கேட்டுக்கொண்டிராமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடுகிறோம். இது ஓர் அவசரம். அந்தி மயங்கும் வேளையில் தரகர் ஒருவர் பத்திரமும் கையுமாக வந்து நிற்கிறார். "இன்றிரவே கையெழுத்து ஆகாவிட்டால் மனை கைநழுவிப் போய்விடும்; வக்கீலிடம் காட்ட நேரம் ஏது?" என்கிறார். இதுவும் அவசரந்தான். முதலாவது, காலம் செய்த அவசரம். இரண்டாவது, தரகர் செய்த அவசரம். வீட்டுக் காரியத்தில் இந்த வித்தியாசத்தை நாம் ஒரு நொடியில் கண்டுகொள்கிறோம். ஊர்க் காரியத்தில் மட்டும் 'அவசரம்' என்ற சொல் காதில் விழுந்ததும் ஏனோ வாயடைத்துப் போகிறோம்.

வாயடைத்தால் என்ன நேரும் என்பதற்கு, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பிளிமத் நகரில் 2023-ஆம் வருஷம் நடந்த சம்பவத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பிளிமத் பழைய துறைமுகப் பட்டணம். 1941-ஆம் வருஷம் ஜெர்மன் விமானங்கள் பொழிந்த குண்டுகளால் அதன் நடுவூர் சாம்பலாயிற்று. யுத்தம் முடிவதற்கு முன்னரே, 1943-இல், அபர்க்ராம்பி என்ற நகரமைப்பு நிபுணரும், நகரசபையின் எஞ்சினீயரான பேட்டன் வாட்ஸனும் சேர்ந்து புதிய நகரத்துக்குத் திட்டம் வரைந்தார்கள். அத்திட்டத்தின் முதுகெலும்பு, கடலைப் பார்த்த 'ஹோ' என்னும் மேட்டு மைதானத்தை நோக்கிச் செல்லும் அகன்ற ராஜவீதி. அதற்கு 'ஆர்மடா வீதி' என்று பெயர். காலப்போக்கில் அங்கே மரங்கள் வளர்ந்து, கடைவீதிக்கு வருவோர்க்கெல்லாம் நிழல் தந்தன.

அந்த வீதியைப் புதுப்பிக்க நகரசபை ஒரு திட்டம் போட்டது. செலவு சுமார் 1 கோடியே 27 லட்சம் பவுன். பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதிய மரங்கள் நடுவது அதில் ஓர் அம்சம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். நகரசபையும் சற்றுத் தயங்கிப் பொதுஜன அபிப்பிராயம் கேட்டது.

மார்ச்சு மாதம் 14-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, சபைத் தலைவர் ரிச்சர்டு பிங்லி திட்டத்துக்கு அனுமதியளித்துக் கையெழுத்திட்டார். அன்று இரவே வேலிகள் முளைத்தன; யந்திரங்கள் வந்தன; விளக்கு வெளிச்சத்தில் மரங்கள் சரியத் தொடங்கின. ஊரார் அலறியடித்துக்கொண்டு ஹைக்கோர்ட்டை அணுகி, இரவோடிரவாகத் தடையுத்தரவு வாங்கினார்கள். உத்தரவு வந்து வேலை நின்றபோது நடுநிசி கடந்துவிட்டது. அதற்குள் 110 மரங்கள் தரையில் கிடந்தன. எஞ்சி நின்றவை சிலவே.

ஒரே ஒருவர் கையெழுத்திட்டு, மை உலர்வதற்கு முன் கோடரி விழுவது எப்படிச் சாத்தியமாயிற்று? இதை விளங்கிக்கொள்ள, அந்நாட்டு ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

முன்னெல்லாம் இங்கிலாந்தின் நகரசபைகளில் எல்லாக் கட்சி அங்கத்தினரும் கலந்த கமிட்டிகளே காரியங்களை முடிவு செய்து வந்தன. 2000-ஆம் வருஷத்துச் சட்டம் பெரும்பாலான சபைகளில் அந்த முறையை மாற்றியது. தலைவர் ஒருவர், அவரைச் சேர்ந்த சிலர், ஆக ஒரு சின்ன மந்திரிசபை நிர்வாகத்தை ஏற்றது. தலைவர் தனியாகவே முடிவு செய்யவும் இடமுண்டு. இதற்கு ஈடாக, மற்ற அங்கத்தினர்களுக்குப் பரிசீலனைக் கமிட்டி கொடுக்கப்பட்டது. முக்கியமான முடிவு எதுவானாலும் 28 நாள் முன்னதாக அறிவிப்புச் செய்ய வேண்டும். முடிவு செய்த பின்பும், பெரும்பாலான சபைகளில் ஐந்து வேலை நாள் வரை அதை நிறைவேற்றாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குள் அங்கத்தினர் சிலர் கோரினால், முடிவு பரிசீலனைக் கமிட்டியின் முன் வரும்.

இந்தக் கமிட்டி முடிவை ரத்துச் செய்ய முடியாது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். "மறுபடி யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்பலாம்; முழுச் சபையின் பார்வைக்கு அனுப்பலாம்; அவ்வளவே. அது கேள்வி கேட்கும் அதிகாரம். பதில் வரும் வரையில் சில நாள் காத்திருக்கச் செய்யும் அதிகாரம்.

எங்கள் தொழிலிலிருந்தே இதற்கு ஓர் உவமை சொல்லலாம். பரீட்சை விடைத்தாளை ஒருவர் திருத்தி மதிப்பெண் போட்ட பிறகு, மற்றொருவர் அந்த மதிப்பெண்களை மீண்டும் கூட்டிப் பார்ப்பது வழக்கம். அவர் விடையைத் திருத்துவதில்லை, கூட்டலைத்தான் பார்க்கிறார். நூற்றுக்குத் தொண்ணூறு தாள்களில் பிழை இராது. ஆயினும் அந்த இரண்டாவது கூட்டலால் வருஷம் வீணாகாமல் பிழைத்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். திருத்தியவர் யோக்கியர் அல்லர் என்பதற்காக அந்த ஏற்பாடு இல்லை. களைத்த கண் தன் பிழையைத் தான் காணாது என்பதற்காகவே இருக்கிறது.

சட்டம் அவசரத்துக்கும் வழி விட்டிருக்கிறது. 28 நாள் அறிவிப்புக்கு அவகாசமில்லையானால், பரிசீலனைக் கமிட்டித் தலைவருக்குத் தெரிவித்து ஐந்து முழு நாள் பொறுத்தால் போதும். அதற்கும் அவகாசமில்லையானால், காரியம் ஒத்திப்போட இயலாதது என்று அந்தத் தலைவர் சம்மதித்தாக வேண்டும். அவசரமென்று முத்திரை விழுந்த முடிவைத் திருப்பி அழைக்கவும் முடியாதபடி சபைகள் தங்கள் விதிகளில் எழுதிக்கொண்டிருக்கின்றன. பிளிமத்தில் விழுந்தது இந்த முத்திரைதான்.

இந்த வாசல் வேண்டியதே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய் பரவியபோது, தெருவில் படுத்துறங்குவோரையெல்லாம் சில நாட்களுக்குள் அறைகளில் குடியேற்றும்படி சர்க்கார் இங்கிலாந்தின் சபைகளைக் கேட்டுக்கொண்டது. அப்போது 28 நாள் அறிவிப்பு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது ஜனநாயகம் ஆகாது, பாவமாகும். அது குழந்தையின் ஜுரம்.

பிளிமத்தின் அவசரம் எது? பறவைகள் கூடு கட்டும் பருவம் நெருங்கிவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. கூட்டைக் கலைப்பது அந்நாட்டில் குற்றம். ஆகையால் காரணம் பொய்யன்று. ஆனால் வசந்தகாலம் அறிவிக்காமல் வருகிற விருந்தாளியா? வெள்ளமும் தீயும் சொல்லாமல் வரும். வசந்தமோ வருஷந்தோறும் தவறாமல் வருவது. அது வரப்போகிறதென்று ஜனவரியிலும் தெரியும். முந்திய ஆவணியிலும் தெரியும். தாமதித்தது நிர்வாகம், அந்தத் தாமதத்துக்கு விலையாகப் போனது ஊராரின் கேள்வி கேட்கும் உரிமை. குருவிகள் குஞ்சு பொரித்துப் பறந்துபோகும் வரை காத்திருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிராது.

இன்னொன்றும் உண்டு. அறையில் குடியேற்றியவரை மறுநாள் வேறிடத்துக்கு மாற்றலாம். தவறாகக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெட்டிய மரத்தை ஒட்டவைக்க எந்தத் தீர்மானத்தாலும் ஆகாது. மாற்ற முடியாத காரியமாயின், அவசரம் மிகுந்தால் பார்க்கும் கண்களும் மிக வேண்டும், குறையலாகாது. "பதறாத காரியம் சிதறாது" என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். திருக்குறளிலும் 'தெரிந்து செயல்வகை' முன்னே வருகிறது; 'காலமறிதல்' அதற்குப் பின்னேதான் வருகிறது.

இதில் மிகவும் வருத்தந்தரும் விஷயம், பாடம் முன்பே அச்சாகியிருந்தது என்பதுதான். ஷெப்பீல்டு நகரில் 2016-ஆம் வருஷம் நவம்பர் 17-ஆம் தேதி, விடியுமுன் வீதிவாசிகளை எழுப்பி, எட்டு மரங்களை வெட்டினார்கள். முதிய பெண்மணிகள் இருவர் கைதானார்கள். பெரும்பாலான மரங்களைக் காப்பாற்றலாமென்று சொன்ன நடுநிலைக் குழுவின் அறிக்கை அதே அதிகாலையில்தான் வெளியாயிற்று. படிக்க யாருக்கு நேரம்? ஊரார் மறக்கவில்லை. 2021-ஆம் வருஷம் மே மாதம் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில், சின்ன மந்திரிசபை முறையே வேண்டாம், பழைய கமிட்டி முறை வரட்டும் என்று தீர்ப்பளித்தார்கள். அந்த மரச் சண்டையைப் பற்றிய விசாரணை அறிக்கை நகரசபைத் தலைமையைக் கடுமையாகக் குறைகூறி வெளிவந்தது 2023-ஆம் வருஷம் மார்ச்சு 6-ஆம் தேதி. பிளிமத்தில் கோடரி விழுந்தது அதற்கு எட்டாம் நாள்.

பிளிமத்தின் கணக்கும் விரைவில் தீர்ந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் காத்திருக்க, அந்த மாதம் முடிவதற்குள் சபைத் தலைவர் பதவி விலகினார். மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி சபையைக் கைப்பற்றியது. வீதிக்குப் புதிதாகத் திட்டம் வரைய வேண்டியதாயிற்று. ஐந்து நாளை மிச்சம் பிடிக்கப் போய், மரமும் போயிற்று, பதவியும் போயிற்று, திட்டமும் போயிற்று. இவற்றைவிடப் பெரிய நஷ்டம், இனி அச்சபை உண்மையிலேயே 'அவசரம்' என்று கூவும்போது ஊரார் நம்பத் தயங்குவார்களே, அதுதான்.

நமது நகரசபைக் கூட்டங்களிலும் 'அவசரம் கருதி' என்று தொடங்கும் தீர்மானங்கள் படிக்கப்படுவதுண்டு. அப்போது மூன்று கேள்விகள் கேட்கப் பழகினால் போதும். இந்த அவசரத்தைக் காலம் செய்ததா, ஆள் செய்தாரா? செய்த பின் மாற்ற முடியுமா? இன்று கேட்காத கேள்வியை என்றைக்கு, யார் முன்னிலையில் கேட்கலாம்? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் கையைத் தூக்குவோம். கிடைக்காவிட்டால், தரகரிடம் சொல்வதையே சொல்வோம்: "பத்திரத்தை வைத்துவிட்டுப் போங்கள்; காலையில் பார்க்கலாம்."

பிளிமத்தில் வழங்கும் கதை ஒன்றுண்டு. 1588-ஆம் வருஷம் ஸ்பானியரின் ஆர்மடாக் கப்பற்படை வருகிறதென்று சேதி கிடைத்தபோது, ஹோ மைதானத்தில் பந்துருட்டி விளையாடிக்கொண்டிருந்த தளபதி டிரேக், ஆட்டத்தை முடித்துவிட்டே புறப்படலாம் என்றாராம். மெய்யோ, பொய்யோ, அந்த ஊரார் பெருமையோடு சொல்லும் கதை அது. எதிரியின் கப்பல்களைக் கண்டும் பதறாதவரைப் போற்றும் ஊரில், அந்தப் படையின் பெயர் கொண்ட வீதியிலேயே, குருவிக் கூட்டைக் காரணம் காட்டி ஓரிரவு பொறுக்கமாட்டாமல் போனார்கள்!